ரெண்டு பேரும் சேர்த்த பாயிண்ட் நாலு

11-3-1998, புதன்

ஆறே முக்காலுக்குச் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருப்போரூரில் மாறி, கேளம்பாக்கம் லேபுக்கு வந்து சேர எட்டரை. சென்ட்ரிஃப்யூஜ் மறுபடி மக்கர். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினேன், ஓடியது. இந்த லேபில் எல்லாவற்றுக்கும் அடிதான் மருந்து, கைடு கேசவன் சார் ஒருத்தரைத் தவிர.

மதியம் இட்லி தின்றுகொண்டிருந்தேன். வரதன் கிராஃப் தாளோடு ஓடி வந்தான். "பதினேழு" என்றான். என்ன பதினேழு, ரோல் நம்பரா என்று கேட்டேன். "ரேஷியோ, ஷாரோன். பதினேழு வருது." இட்லியை அப்படியே வைத்துவிட்டுத் தாளைப் பிடுங்கினேன்.

எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன். எங்கள் நொதி உப்பளத்துச் சேற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவினுடையது. அது வேலை செய்யும்போது ஒரு புரோட்டானைப் பக்கத்து இடத்துக்குத் தள்ளுகிறது. நடுவே ஒரு மேடு. அந்த வேகத்தைச் சாதாரணத் தண்ணீரில் ஒரு தடவை அளந்தோம், கனநீரில் ஒரு தடவை. கனநீரில் புரோட்டானுக்குப் பதில் இரண்டு மடங்கு கனமான டியூட்டீரியம் இருக்கிறது. கனமானது மெதுவாகப் போகும், அதில் அதிசயமில்லை. மேட்டில் ஏறி இறங்குவது மட்டும்தான் நடக்கிறது என்றால் ஏறக்குறைய ஏழு மடங்கு மெதுவாகலாம், அதற்கு மேல் ஆகாது. பதினேழு என்றால் புரோட்டான் ஏறவே இல்லை. மேட்டுக்கு ஊடாகவே அந்தப் பக்கம் போய்விடுகிறது. குவாண்டம் புத்தகத்தில் எலெக்ட்ரானுக்குப் படித்த சமாச்சாரம், நம் சேற்றுப் பூச்சிக்குள் நடக்கிறது!

கரைசல் எல்லாம் நான் போட்டது. அளந்து கிராஃப் போட்டது அவன். டைபாய்டு வந்து எழுந்து இன்னும் கால் நடுங்குகிற நேரத்தில் நான் போட்ட கரைசல்.

சார் தாளைப் பத்து நிமிடம் பார்த்தார். "திரும்பப் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார். அதே பாட்டில்களில் மறுபடி அளந்தான் வரதன். 17.2. அப்புறம் 16.8.

14-3-1998, சனி

அப்பாவிடம் சொன்னேன். செங்கல்பட்டு ஜங்ஷனில் இருபத்திரண்டு வருஷமாகப் பாயின்ட்ஸ்மேன், ரயிலுக்குத் தடம் மாற்றிவிடுகிற வேலை. தண்டவாளத்தைத் தவிர எதையும் சுலபத்தில் நம்பாத மனிதர்.

"இன்னாமா, தண்ணியிலயே கனமான தண்ணி, லேசான தண்ணின்னு வேற கீதா?" என்றார். இருக்கிறது என்றேன். மேடு, புரோட்டான், ஊடே போவது எல்லாம் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டு யோசித்தார். "அப்ப கேட்டு சாத்தி கீறப்பவே வண்டி அந்தாண்ட பூடுது. எங்க டிபார்ட்மென்ட்ல அதுக்கு பேரு ஆக்சிடென்ட்."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அம்மா போனபிறகு இந்த வீட்டில் நான் இப்படிச் சிரித்து நாளாயிற்று.

பிறகு, வேறெதையோ கேட்பதுபோல, அந்தப் பையன் வரதன் எந்த ஆளுங்க என்று கேட்டார். அணுபுரத்து ஆளுங்க என்றேன். அவர் கேட்டது அது இல்லை என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

2-7-1998, வியாழன்

பேப்பர் பத்திரிகைக்குப் போய்விட்டது. முதல் பெயர் என்னுடையது, அடுத்து வரதன், கடைசியில் சார். நொதியைப் பிரித்தெடுத்த உழைப்புக்காக என் பெயர் முன்னால். வரதன்தான் சாரிடம் அப்படிக் கேட்டானாம். என்னிடம் சொல்லவே இல்லை, தடிமாடு.

9-11-1998, திங்கள்

பேப்பரை ஏற்றுக்கொண்டார்கள். இன்னொன்றும். இங்கிலாந்தில் ஒரு பேராசிரியர், இதே நொதியை வைத்து மேலே செய்ய வரதனைக் கூப்பிடுகிறார். முதலில் ஒரு வருஷம். திருப்தியாக இருந்தால் அடுத்த வருஷ டிசம்பரில் இன்னும் மூன்று வருஷம் நீட்டிப்பார்களாம்.

மத்தியானமே லேபைப் பூட்டிவிட்டு மாமல்லபுரம் போனோம். கோயில் பக்கம் போகவில்லை, கூட்டம். வலை காயப்போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். வறுத்த மீன் வாங்கினான். சைவ வீட்டுப் பையன், முள் எடுக்கத் தெரியாது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "இப்ப எங்கம்மாகிட்ட பேசறேன்" என்றான். மூன்று வருஷமாகச் சொல்கிற வார்த்தைதான். இந்தத் தடவை நம்பினேன்.

20-12-1998, ஞாயிறு

அணுபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன், முதல் தடவையாக. வரதனின் அப்பா சுப்புராமன் சார் வணக்கம் சொல்லிவிட்டு பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார். அவன் அம்மா தெய்வநாயகி ஆன்ட்டி எதிரே உட்கார்ந்தார்கள். சத்தம் போடவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"அவன் ரெண்டு வருஷமா சரியா சாப்பிடாம என்னைப் படுத்திட்டான்" என்றார்கள். "சரி, கல்யாணம் பண்ணிக்கோங்க. ஆனா அங்கயே போய் இருந்துக்கோங்க. இங்க ஒவ்வொருத்தருக்கா நின்னு பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லம்மா."

என்ன பதில், யாருக்கு, எதைப் பற்றி? கேட்டிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. வரதன் முகத்தைப் பார்த்தேன், விழுங்கிவிட்டேன். பாயின்ட்ஸ்மேன் சாலமோன் மகள் வாயை மூடிக்கொண்டு காபி குடித்தாள் என்று இன்றைய தேதியில் பதிவு செய்கிறேன்.

2000 ஜனவரி 21. செங்கல்பட்டு ரிஜிஸ்தர் ஆபீஸ். அவன் அப்போது லீவில் வருவான், பிறகு இரண்டு பேருமாகப் போவோம். அப்பாவிடம் சொன்னதும் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கிலோ ஜிலேபி. இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு கிலோ!

6-2-1999, சனி

வரதன் போனான். மீனம்பாக்கத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, பஃபர் கரைசல் பாட்டிலைக் குலுக்குவதுபோல் கையை ஆட்டிக் காட்டினான். அழக்கூடாது என்று போனவள் அதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

17-8-1999, செவ்வாய்

தீசிஸுக்காக முழுவதையும் புதிய நொதியில் ஒரு தடவை செய்யச் சொல்கிறார் சார். வரதன் இல்லாததால் பஃபர் போடுவது, அளப்பது, கிராஃப் எல்லாம் நானே. கனநீருக்கு எழுதிப்போட்டு மூன்று மாதம் காத்திருந்து அரை லிட்டர் வந்திருக்கிறது. ஒரு சொட்டு வீணாக்கக் கூடாது.

முதல் கணக்கு: 6.8.

எங்கேயோ சொதப்பிவிட்டேன்.

19-8-1999, வியாழன்

6.9. பிரித்தெடுத்த நொதி அதற்குள் கெட்டுவிட்டதோ?

23-8-1999, திங்கள்

புது நொதி. 6.7. என் கை சரியில்லை. மூன்று வருஷம் செய்த கை, இப்போது என்ன கேடு வந்தது இதற்கு? மத்தியானம் பிப்பெட்டை வைத்துவிட்டு பாத்ரூமில் போய் நின்றேன். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு.

25-8-1999, புதன்

இன்று ஒரு கடிதம். பூனாவில் ஒரு லேபில் ஆராய்ச்சி செய்கிற பெண், வைஷாலி என்று பெயர். எங்கள் பேப்பரைப் படித்துவிட்டு, சாரிடம் நொதி கேட்டு வாங்கி, ஏப்ரலிலிருந்து முயற்சி செய்கிறாளாம். ஏழுக்கு மேல் வரவே இல்லையாம். இதிலிருந்துதான் அவள் தீசிஸே ஆரம்பிக்க வேண்டும். நவம்பருக்குள் பதினேழைக் காட்டாவிட்டால் அவளுக்கு வேலை தெரியவில்லை என்று ஃபெல்லோஷிப்பை நிறுத்திவிடுவேன் என்கிறாராம் அவள் கைடு. "என் கையில்தான் ஏதோ கோளாறு, தயவுசெய்து நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறாள்.

என் கையில்தான் கோளாறு. அதே வார்த்தை.

3-9-1999, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

நிதானமாக எழுதுகிறேன். நொதியின் வேகம் கரைசலின் பி.எச். அளவைப் பொறுத்தது. அது ஒரு படி ஏறினால் வேகம் பத்து மடங்கு. 7.5-க்கு மேல் நொதி குலைந்துவிடும், அதனால் அந்தச் சரிவிலேயே நின்றுதான் அளக்க முடியும். பி.எச். மீட்டரோ சாதாரணத் தண்ணீருக்கென்று செய்தது. கனநீரில் வைத்தால் பாயிண்ட் நாலு குறைத்துக் காட்டும். அதனால் காட்டுகிற எண்ணோடு 0.4 கூட்டிக்கொள்ள வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்தது. நான் எப்போதும் மீட்டர் காட்டுகிற எண்ணைத்தான் பாட்டிலில் எழுதுவேன், கூட்டுவது வரதன் வேலை. அந்தத் தடவை மட்டும், ஜுரத்தில் ஒரு மாதம் அவன் தலையில் என் வேலையையும் கட்டிவிட்டோமே என்று, நானே கூட்டி எழுதினேன். மீட்டர் 6.6 காட்டியது. பாட்டிலில் 7.0 என்று எழுதினேன். அவனிடம் சொன்னதாக நினைவு. சொல்லவில்லை போலிருக்கிறது.

இன்று அலமாரியிலிருந்து அவனுடைய பழைய நோட்டை எடுத்தேன். மார்ச் 10-ம் தேதிப் பக்கம். ஓரத்தில் பென்சிலில், அவன் கோழிக் கிறுக்கலில்: "0.4 கூட்டியாச்சு. ஷாரோன் மறந்திருப்பாள், பாவம் ஜுரம். கேட்டால் முகம் வாடிவிடும். கேட்கவில்லை."

அவன் 7.0-ஐ 7.4 ஆக்கினான். 7.4-ல் சாதாரணத் தண்ணீர் எடுக்கிற வேகத்தோடு, நிஜத்தில் 7.0-ல் நின்ற கனநீரின் வேகத்தை வைத்துப் பார்த்தான். இரண்டரை மடங்கு வித்தியாசம் சும்மாவே வந்துவிட்டது. பதினேழை இரண்டரையால் வகுத்தால் ஆறு புள்ளி எட்டு. மேட்டில் ஏறி இறங்குகிற சாதாரணப் புரோட்டான். கரைசல்களை நான் பாயிண்ட் நாலு இடைவெளியில்தான் வரிசையாகப் போட்டிருந்தேன், அவன் தாளிலும் அதே எண்கள் ஓர் இடம் தள்ளி இருந்தன. யார் கண்ணிலும் படவில்லை. சண்டைக்காரர்களாக இருந்திருந்தால் ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருப்போம்.

அந்தப் பென்சில் எழுத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் வரவேண்டும், வரவில்லை. இப்படி ஒருத்தன் கிடைப்பானா என்றுதான் தோன்றியது.

5-9-1999, ஞாயிறு

ஸ்டேஷன் ரோடு பூத்திலிருந்து வரதனைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் கேட்டிருக்கணும்" என்றான். நான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

பத்திரிகைக்குத் திருத்தம் எழுதவேண்டும் என்றேன்.

"எழுதலாம். ஜனவரி வரைக்கும் பொறு, ஷாரோன். டிசம்பர்ல ரினியூவல். அந்த எண்ணை நம்பித்தான் என்னை இங்க வெச்சிருக்காங்க. கல்யாணம் முடியட்டும், ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம். நான் வேணாம்னு சொல்லல. பொறுன்னுதான் சொல்றேன்."

வைஷாலியைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு மட்டும் தனியாக எழுதிவிடேன் என்றான். அவள் கைடு அச்சில் இருப்பதைத்தான் நம்புவார், என் கடிதத்தை ஏன் நம்ப வேண்டும்? ஜனவரி வரைக்கும்தானே என்றான் மறுபடி.

இது கெட்ட யோசனை இல்லை. அதுதான் கஷ்டம். அவன் அயோக்கியனாக இருந்து தொலைத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

13-9-1999, திங்கள்

சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கிழவனாகிவிட்டார் ஒரே நிமிடத்தில். திருத்தம் போடத்தான் வேண்டும், மூன்று பேரும் ஒப்புக்கொண்டால் நல்லது என்றார். எப்போது என்று கேட்டேன். "அது உங்க ரெண்டு பேர் வாழ்க்கை. தேதியை நான் சொல்லமாட்டேன்" என்றார்.

நல்ல மனிதர்கள் எல்லோருமாகச் சேர்ந்து என்னைத் தனியாக விட்டுவிட்டார்கள்.

29-9-1999, புதன்

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, நான் சாப்பிடாததைப் பார்த்து நோண்டி நோண்டிக் கேட்டு. "கம்முனு இரும்மா. நாலு மாசம்தானே? உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? முதல்ல கல்யாணம் ஆவட்டும்."

எனக்குச் சுருக்கென்று கோபம். "நீ பாயின்ட்டைத் தப்பா போட்டுட்டா, நாலு மாசம் கம்முனு இருப்பியா?" என்றேன்.

கேட்டிருக்கக் கூடாது. கையில் இருந்த சோற்றைத் தட்டில் உதறிவிட்டு எழுந்து போனார். அவருக்கு என்ன, என் கழுத்தில் ஒரு மாலை விழுவதைப் பார்க்க வேண்டும். அதில் என்ன தப்பு?

1-10-1999, வெள்ளி

வைஷாலியிடமிருந்து இன்னொரு கடிதம், இரண்டே வரி. முதல் கடிதத்துக்கு நான் பதிலே போடவில்லை. தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறாள். வேறு வேலை தேடப்போகிறாளாம்.

மன்னிப்பு! என்னிடம்!

4-10-1999, திங்கள்

எழுதிவிட்டேன். பத்திரிகைக்கு ஒன்று, வைஷாலியின் கைடுக்கு ஒன்று, இங்கிலாந்துப் பேராசிரியருக்கு ஒன்று. வரதனுக்கு ஈமெயில் முதலில் அனுப்பினேன், பிறகுதான் தபாலில் போட்டேன். ஒரு மணி நேரம் முன்னால். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் என்ன செய்துவிட முடியும்? எதற்காக அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்தேன்? நான் நல்லவள் என்று எனக்கே காட்டிக்கொள்ளவா?

கேளம்பாக்கம் தபாலாபீஸில் ஒட்டும் பசை இல்லை. சோறு வாங்கி வந்து ஒட்டினேன்.

11-10-1999, திங்கள்

வரதன் பதில் எழுதிவிட்டான். அவன் வார்த்தையிலேயே எழுதி வைக்கிறேன், பிறகு நான் மாற்றி நினைவு வைத்துக்கொள்ளக் கூடாது.

"நீ செய்தது சரி. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் என்னால் முடியாது. நான் நாலு மாதம் கேட்டேன். யாரோ முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக நீ அதைக்கூடத் தரவில்லை. இனி ஒவ்வொரு தடவை உன்னிடம் எதையாவது கேட்கும்போதும் இது நினைவுக்கு வரும். அப்படி ஒரு வீட்டில் நீயும் இருக்க வேண்டாம், நானும் இருக்க வேண்டாம். உன் அப்பாவிடம் நானே எழுதிச் சொல்கிறேன்."

போடா.

போ. போய்த் தொலை.

வரதா, ஒரு தடவை போன் பண்ணேன்டா. திட்டறதுக்காவது.

24-10-1999, ஞாயிறு

தெய்வநாயகி ஆன்ட்டி வந்தார்கள். தனியாக, பஸ்ஸில். எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று, வீடு இதுதானா என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா பதறிப்போய் நாற்காலியைத் துண்டால் துடைத்தார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தயாராகத்தான் இருந்தேன், நானும் நாலு பேச்சு பேசலாம் என்று. ஆன்ட்டி காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "வரதன் சாப்பிடறானான்னு உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்கள். வீட்டுக்கும் போன் செய்வதில்லையாம். எனக்கும் தெரியாது என்றேன்.

"நீ பண்ணது தப்புன்னு சொல்ல வரல. அதெல்லாம் எனக்குப் புரியாது" என்றார்கள். அப்புறம், "நான்தான் வேணாம் வேணாம்னு நின்னேன். உனக்குன்னு புடவை எடுத்தேன் பாரு, எடுத்த நாளிலேர்ந்து எனக்கு மனசு ஒட்டிக்கிச்சு. இப்ப அதை என்ன பண்றதுன்னு தெரியல."

தயாராக வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போயிற்றோ. அப்பா பஸ் ஏற்றிவிடப் போனார். திரும்பி வந்து, "அந்தம்மா பஸ்ல ஏறி அழுதுகினே குந்திகினு போவுது" என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன், அக்கம்பக்கம் கேட்டால் கேட்கட்டும் என்று.

21-1-2000, வெள்ளி

லேபுக்குப் போனேன். அப்பா லீவு போட்டிருந்தார், கான்சல் பண்ண மறந்துவிட்டாராம். மறக்கவில்லை. நாள் முழுதும் ஷேவ் செய்த முகத்தோடு வீட்டில் உட்கார்ந்திருந்தாராம்.

9-5-2000, செவ்வாய்

திருத்தம் வெளிவந்துவிட்டது. பாதிப் பக்கம்கூட இல்லை. 17 அல்ல, 6.8. ஊடே போவதற்கு இதில் ஆதாரம் இல்லை.

என் கடிதத்தைப் பார்த்துப் பத்திரிகை முறைப்படி கேட்டதும் சார் எழுதிய முதல் நகலில், கரைசல் தயாரித்தவரின் பிழை என்று இருந்தது. அது உண்மை, நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். வரதனுக்கு ஒப்புதலுக்கு அனுப்பியபோது அந்த வரியை அடித்துவிட்டு, எங்கள் இருவரின் கவனக்குறைவு என்று மாற்றி அனுப்பினானாம். எனக்கு ஒரு வரி எழுதவில்லை. சாருக்கு எழுதிய கடிதத்திலும் என் பெயர் இல்லை.

வைஷாலிக்கு ஃபெல்லோஷிப் தொடர்கிறது. நன்றி என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறாள். இரண்டாம் பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை.

18-6-2001, திங்கள்

வரதன் திரும்பி வந்துவிட்டானாம், சார் சொன்னார். ரினியூவல் கிடைக்காமல் அங்கேயே வேறெதையோ செய்து ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறான். ஏதோ கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்ந்திருக்கிறானாம். எனக்கு இன்று செங்கல்பட்டில் ஒரு காலேஜில் லெக்சரர் வேலைக்கு ஆர்டர் வந்தது. இரண்டு செய்தியும் ஒரே நாளில் வர வேண்டுமா?

2-2-2004, திங்கள்

அவனுக்குக் கல்யாணமாம், போன வாரம். தெரிந்துகொண்டேன். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

12-7-2007, வியாழன்

காலேஜ் லைப்ரரியில் புதுப் பத்திரிகைகள். வெளிநாட்டு லேப் ஒன்று நம் உப்பளத்து நொதியை எடுத்துச் செய்திருக்கிறது. நின்றுகொண்டே படித்தேன். அப்புறம் உட்கார்ந்தேன்.

அவர்கள் அளவும் ஏழுக்குள்தான், 6.9. பக்கத்திலேயே எங்கள் திருத்தத்தைக் குறிப்பிட்டு, 6.8. ஆனால் அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. ஐந்து டிகிரியிலிருந்து நாற்பது வரை ஒவ்வொரு வெப்பநிலையிலும் அளந்திருக்கிறார்கள். மேட்டில் ஏறி இறங்குவதாக இருந்தால், சூடு ஏற ஏற அந்த எண் குறைந்துகொண்டே வரவேண்டும். அசையவே இல்லை. அப்படியென்றால் புரோட்டான் ஊடேதான் போகிறது. ஏழுக்குக் கீழே இருந்தாலும் அப்படிப் போகலாம் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. ஏழைத் தாண்டினால்தான் என்று பிடித்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் எண் தப்பு. நாங்கள் சொன்னது சரி.

நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். யாரிடம் சொல்வது? அப்பா போன வருஷம் போய்விட்டார். சார் ஞாபகமெல்லாம் போய் மகள் வீட்டில் இருக்கிறார். இதைச் சொன்னால் எழுந்து குதிக்கக்கூடிய ஆள் உலகத்தில் இன்னும் ஒருத்தன்தான் இருக்கிறான்.

21-7-2007, சனி

கேளம்பாக்கம் போயிருந்தேன், பழைய லேபில் ஒரு மாணவனின் பிஎச்.டி. வைவாவுக்கு எக்ஸாமினராக. முடித்துவிட்டு ஜங்ஷனில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தபோது எதிர்ச்சாரியில் பாத்திரக்கடை வாசலில் வரதன். முன்நெற்றி ஏறியிருந்தது. கையில் ஒரு மிக்ஸி ஜாடி.

அவனே ரோட்டைத் தாண்டி வந்தான். எப்படி இருக்கே என்றான், இருக்கேன் என்றேன். இங்கேயே ஃப்ளாட் வாங்கியிருக்கிறானாம், பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. அப்பா காலமானது இப்போதுதான் தெரியும் என்று வருத்தப்பட்டான். ஆன்ட்டிக்கு முட்டிவலியாம். இரண்டு பேரும் மழையைப் பற்றியும் பேசினோம்.

என் கை அதற்குள் பையின் ஜிப் மேல் இருந்தது. பத்து நாளாக அந்த நகல் அதிலேயேதான் இருக்கிறது. வரதா, போச்சுடா, ஊடேதான் போச்சு! சொல்ல வேண்டியது அவ்வளவுதான். வாயைத் திறந்துவிட்டேன்.

அவன் முந்திக்கொண்டான். ஜாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ரொம்ப நாளா உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். அப்ப உன்மேல கோபம்தான், இல்லைங்கல. ரெண்டு மூணு வருஷம் தூக்கமே இல்ல. அப்புறம் யோசிச்சேன். புரோட்டான் ஊடே போறதுன்னு ஒண்ணு நடக்கவே இல்லையே, இல்லாத ஒண்ணை நம்பிக் குடும்பம் நடத்தியிருப்போம், என்னைக்காவது உடைஞ்சிருக்கும். நீ எழுதினதுதான் நம்மளைக் காப்பாத்திச்சு. அதை நினைச்சாத்தான் எனக்கு இப்பல்லாம் நிம்மதி."

நான் ஜிப்பிலிருந்து கையை எடுத்தேன்.

அன்றைக்கு நாலு மாதம் கேட்டான், தரவில்லை. நிம்மதி என்று ஒன்று இப்போது தானாகச் சம்பாதித்து வைத்திருக்கிறான். பொய்யானதுக்காகத்தான் எல்லாம் போயிற்று என்று நினைத்து அடைந்த நிம்மதி. அவனாக எங்காவது படித்துத் தெரிந்துகொண்டால் தெரிந்துகொள்ளட்டும். இந்தத் தடவை அது என் வாயிலிருந்து வராது.

"ம்" என்றேன். ஜாடிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அடியில் ஒழுகுகிறது, வாஷர் எங்கேயும் கிடைக்கவில்லை என்றான். கோவளம் ரோடு திருப்பத்தில் மிக்ஸி ரிப்பேர் கடை இருக்கிறது, அங்கே கிடைக்கும், ஆறு மணிக்கெல்லாம் சாத்திவிடுவான், சீக்கிரம் போ என்றேன்.